பனிப்படமும் என் வயிற்றெரிச்சலும்

அந்தப் படத்தை நான் பார்க்காமலேயே திட்டினேன். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, ஒன்பது நாள். செங்கல்பட்டிலிருந்து சிறுசேரி ஆபீஸுக்கு எங்களை ஏற்றிப்போகிற வேனில், தினமும் காலையில் கேளம்பாக்கம் தாண்டும் வரை என் வாய் மூடவில்லை. "மொக்கைன்னா மொக்கை, அப்படியொரு மொக்கை" என்றேன். "பனியக் காட்டினா போதுமா, கதை வேணாமா?" என்றேன். இத்தனைக்கும் தியேட்டர் இருக்கிற தெருப் பக்கம்கூட நான் போயிருக்கவில்லை.

ஏன் என்று கேட்டால் ஒரே வார்த்தைதான். பொறாமை. இப்போது எழுதச் சுலபமாக இருக்கிறது. அப்போது யாராவது என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன்.

படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வடக்கே எங்கேயோ மலைமேல் ஒரு சின்ன ஊர். பனி கொட்டிப் பாதை அடைபட்டுப்போகிறது. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டே வருகிறார்கள். விடுமுறைக்கு அங்கே போன நம்மூர் போலீஸ்காரர் ஒருவர் கொலைகாரனைத் தேடுகிறார். சித்திரை வெயிலில் வெந்துகொண்டிருந்த ஜனத்துக்கு இப்படியொரு படம் வந்ததும் ஊரே இரண்டாகப் பிரிந்துவிட்டது. பாதிப் பேர் ஆகா ஓகோ என்றார்கள். பாதிப் பேர் இடைவேளையிலேயே எழுந்து வந்துவிட்டதாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். பரவாயில்லை என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

எங்கள் வேனிலும் அதே கதைதான். முன்சீட்டில் ஒரு அக்கா உட்காருவார். கல்யாணமான புதிதில் மணாலிக்குப் போய்வந்தவர். வேனில் பனியைத் தொட்டுப் பார்த்த ஒரே ஆள் அவர்தான் என்பதால் பனியைப் பற்றி அவர் சொல்வதுதான் சட்டம். "நெஜமாவே அங்க அப்படித்தாங்க இருக்கும். அந்த அமைதி இருக்கு பாருங்க, அத அப்படியே புடிச்சிருக்கான். தியேட்டர்லயே எனக்குக் கை வெறச்சிப்போச்சு" என்பார்.

கடைசி சீட்டில் திருப்போரூர்க்காரர் ஒருவர், என்னைவிட வயதில் சின்னவர். அவர் எதிர்க்கட்சி. "இன்னாக்கா வெறச்சிது? ரெண்டரை மணி நேரம் வெள்ளையா கீது. ட்யூப்லைட்ட மொறச்சிப் பாத்த மாதிரி கண்ணு கூசிப்போச்சு. அவ்ளோ குளுர்ல பேசிக்கினு கீறானுங்க, ஒருத்தன் வாயிலயாவது பொகை வருதா?"

நான் கடைசி சீட்டுக் கட்சியில் சேர்ந்தேன். சேர்ந்த மறுநாளே தலைவனாகவும் ஆகிவிட்டேன். என் பிழைப்பும் அதற்கு வசதி. அடுத்தவன் எழுதிய புரோகிராமில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிப் பட்டியல் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. டெஸ்டிங் என்பார்கள். படத்தைத் திட்டி போனில் வந்த விமர்சனங்களை, சோற்றைப் பிசைந்துகொண்டே ஒன்று விடாமல் பார்ப்பேன். நல்ல நல்ல குறையாகப் பொறுக்கி வைத்துக்கொண்டு மறுநாள் வேனில் என் சொந்தச் சரக்கு மாதிரி இறக்குவேன். பாராட்டி வந்த விமர்சனம் எதையும் தொடக்கூட இல்லை.

அந்தப் படத்தில் என் நண்பன் வேலை செய்திருந்தான். அதுதான் விஷயம்.

நடிகனும் இல்லை, டைரக்டரும் இல்லை. சத்தம் போடுகிறவன். படம் பிடிக்கும்போது கதவு சாத்துகிற சத்தம், டம்ளர் வைக்கிற சத்தம், செருப்புச் சத்தம் எதுவும் சரியாகப் பதிவாகாதாம். பிறகு ஒரு அறைக்குள் திரையைப் பார்த்துக்கொண்டே ஒரு ஆள் அத்தனையையும் கையாலும் காலாலும் செய்து பதிவு பண்ண வேண்டும். அந்த ஆள்தான் அவன். பத்து வருஷமாக யாருக்கும் தெரியாத படங்களுக்கு யாருக்கும் தெரியாமல் செய்துகொண்டிருந்தான். அதுவரை எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. எப்போதாவது போனில் பேசும்போது "எப்படிடா இருக்க, சாப்புட்டியா" என்று பெரிய மனசோடு விசாரிப்பேன்.

இந்தப் படம் வந்தது, என் பெரிய மனசு போன இடம் தெரியவில்லை. இரண்டு கட்சிக்காரர்களும் எதில் அடித்துக்கொண்டாலும் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள். பனியில் கொலைகாரன் நடந்து வருகிற சத்தம். "படம் குப்பை, ஆனா அந்த நடக்கற சத்தம் கீதே, யப்பா!" என்று கடைசி சீட்டுக்காரரே சொன்னார். எங்கள் கல்லூரி குரூப்பில் அவன் பேட்டி ஒன்றை யாரோ போட்டிருந்தார்கள். 'நம்ம பய கலக்கறான்' என்று கீழே ஒரே கைதட்டல் பொம்மைகள். பேட்டியைத் திறந்தேன். தாடி வைத்திருந்தான். தாடி அவனுக்கு நன்றாக இருந்தது. பாதியிலேயே மூடிவிட்டேன்.

எனக்கு ஏன் அவ்வளவு எரிந்தது என்றால், காது எனக்குத்தான் நல்ல காது. இதை நான் சொல்லவில்லை, அவனே சொன்னது. கேளம்பாக்கம் பக்கம் ஒரு கல்லூரியில் நான்கு வருஷமும் ஒரே பெஞ்சு. பர்மா பஜாரில் பழைய ரெக்கார்டர் ஒன்றை வாங்கி வந்தான். அதைத் தூக்கிக்கொண்டு கோவளம், முட்டுக்காடு, மாமல்லபுரம் என்று வகுப்புக்குப் போகாமல் சுற்றினோம். தகர டப்பாவில் கொள்ளுப் போட்டு மெதுவாகச் சாய்த்தால் மழை என்று கண்டுபிடித்தது நான். ஈரத் துணியை உதறினால் பறவை எழும்புகிற சத்தம் என்று சொன்னதும் நான்தான். அவன் பட்டனை அமுக்கிக்கொண்டு நிற்பான். "மச்சான், ஒனக்கு காதா அது, இன்னாடா அது?" என்பான்.

மூன்றாம் வருஷம் மாமல்லபுரத்திலிருந்து திரும்பும்போது முட்டுக்காடு பாலத்துக்கு முன்னால் ரோட்டில் கிடந்த மணலில் வண்டி சறுக்கியது. ஓட்டினது அவன், பின்னால் நான். விழுந்தது இரண்டு பேரும். அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. எனக்கு வலது காலில் இரண்டு இடத்தில் முறிவு, உள்ளே தகடு, நாலு மாதம் கட்டில். எழுந்தபோது அந்தக் கால் கொஞ்சம் குட்டையாகியிருந்தது. அன்றிலிருந்து வலது ஷூவுக்கு மட்டும் அடியில் கனமாக ஒரு அட்டை ஒட்டிப் போட்டுக்கொள்கிறேன். லேசாக இழுத்து நடப்பேன், அவ்வளவுதான். அந்த விபத்தைப் பற்றி இந்தப் படம் வரும்வரை அவனும் நானும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை.

படிப்பு முடிந்து சிறுசேரியில் ஒரே ஆபீஸில் ஒரே நாளில் சேர்ந்தோம். இரண்டு வருஷம் கழித்து, வாசலில் இருந்த டீக்கடையில் வைத்து அவன் சொன்னான்.

"மச்சான், நான் கெளம்பறேன். மெட்ராஸ்ல ஒரு ஸ்டூடியோல கூப்புட்றாங்க. நீயும் வாடா. ரெண்டு பேருக்கும் எடம் கீது. நெஜமா சொல்றேன், என்னவிட நீதான் அவங்களுக்கு வேணும்."

"பைத்தியமா ஒனக்கு? டப்பால கொள்ளு போட்டு ஆட்டறதுக்கா இன்ஜினியரிங் படிச்சோம்?"

சொல்லும்போது சிரித்தேன். உள்ளுக்குள் போகணும், போகணும் என்று அடித்துக்கொண்டது. பயம். வீட்டில் என்ன சொல்வார்கள், பெண் கொடுப்பார்களா, இந்தக் காலை வைத்துக்கொண்டு மெட்ராஸில் எங்கே ஓடுவது என்று ஆயிரம் பயம். அவன் டீ டம்ளரை வைத்துவிட்டுப் போனான். நான் மாடியேறி என் சீட்டில் உட்கார்ந்தேன். இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

படம் வருவதற்கு ஐந்தாறு மாதத்துக்கு முன்பிருந்தே அவனிடமிருந்து மெசேஜ் வந்துகொண்டிருந்தது. 'மச்சான், ஒரு விஷயம் கேக்கணும், போன் எடு' என்று முதல் வரி தெரியும். பெரிய படத்தில் வேலை கிடைத்ததைப் பீற்றிக்கொள்ளக் கூப்பிடுகிறான் என்று நினைத்தேன். திறக்கவில்லை. படம் வந்த பிறகு 'பாத்தியா?' என்று ஒன்று. அதையும் விட்டுவிட்டேன்.

ஒன்பதாவது நாள் வேனில் என் சாயம் வெளுத்தது. வெளுக்க வைத்தது எங்கள் டிரைவர் அண்ணாத்தை. பையனூர்ப் பக்கத்து ஆள், அதிகம் பேச மாட்டார். முந்தின நாள்தான் பிள்ளைகளோடு போய்ப் படம் பார்த்துவிட்டு வந்திருந்தார். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன். க்ளைமாக்ஸ் சொதப்பல், கொலைகாரன் மாட்டுகிற விதம் நம்புகிற மாதிரியே இல்லை என்றேன். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"எப்டி சார் மாட்றான்?"

"அதான்..., கைரேகைய வச்சி. எத்தனை படத்துல பாத்துட்டோம்!"

டிரைவர் அண்ணாத்தை வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"கைரேகையா? பனில எல்லாம் கையுறை போட்டுக்கினு கீறாங்களே சார். கைரேகை எங்கேர்ந்து வந்துச்சி? நடக்கற சத்தத்த வச்சித்தானே மாட்றான். நீ இன்னா, படமே பாக்கலியா?"

முன்சீட்டு அக்கா முழு உடம்பையும் திருப்பி என்னைப் பார்த்தார். கடைசி சீட்டுக்காரர், என் கட்சிக்காரர், "இன்னா தலைவரே, இப்டி கவுத்துட்ட" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அத்தனை பேரும் சிரித்தார்கள். என் முகத்தில் ஈ ஆடவில்லை. இறங்குகிற வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே போனேன்.

அன்று சாயங்காலம் நடந்ததை வீட்டில் சொன்னேன். என் மனைவி மதுராந்தகத்துக்காரி. மூச்சு முட்டச் சிரித்துவிட்டு, "ஒம்பது நாளாத் திட்றீங்களே, ஒரு தடவ பாத்துட்டுத் திட்டினா இன்னும் நல்லாத் திட்டலாம் இல்ல?" என்றாள். ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு அவளே போனில் டிக்கெட் எடுத்துவிட்டாள். சரி, போவோம் என்று கிளம்பினேன். பார்த்தே ஒரு பட்டியல் போட்டு, திங்கட்கிழமை வேனில் இறக்கி, போன மானத்தைத் திருப்பிக்கொண்டு வருவது என்பது என் திட்டம்.

செங்கல்பட்டில் அன்றைக்கு அனல். தியேட்டரில் ஏசி ஓடுகிற இரைச்சல் மட்டும் வந்தது, காற்று வரவில்லை. திரையில் முதல் பனி விழுந்ததும் யாரோ கத்தினார்கள். "அண்ணாத்த, அந்தக் குளுர்ல கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு!" அரங்கமே சிரித்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. இடைவேளைக்குள் எங்களுக்குப் பின்வரிசையில் ஒரு புருஷன் பெண்டாட்டி சண்டையே தொடங்கிவிட்டது. "தூக்கம் வருது, எழுந்திரு போலாம்" என்று அவர், "நீ போய் வண்டில உக்காரு, நான் பாத்துட்டு வர்றேன்" என்று அந்த அம்மாள். நான் குறைகளை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். வாயில் புகை இல்லை, ஒன்று. பனியில் புதைந்த கார் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிறது, இரண்டு.

இடைவேளைக்குப் பிறகு அந்த இடம் வந்தது. ஊரில் கரண்ட் போய்விடுகிறது. திரை முழுக்கப் பனி, வேறு ஒன்றும் தெரியவில்லை. போலீஸ்காரர் ஒரு கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வெளியே யாரோ நடந்து வருகிறார்கள்.

நறுக். சர்ர்ர். நறுக். சர்ர்ர்.

அதுவரை கூச்சல் போட்டவர்கள் வாய் அடைத்துப்போனார்கள். பின்வரிசைப் புருஷன்கூட மூச்சு விடவில்லை. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. மனைவி பக்கம் சாய்ந்து, "பாரு, ஒரே சத்தத்த வெட்டி வெட்டி ஒட்டியிருக்கான்" என்றேன். அவள் தலையைச் சாய்த்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"என்னங்க, இது நீங்க."

"என்னது?"

"நீங்க வர்ற சத்தங்க இது. நம்ம மாடிப்படியில தெனம் சாயங்காலம் இப்படித்தானே ஏறி வர்றீங்க. இதக் கேட்டுத்தானே டீக்குப் பாலே வைக்கிறேன்."

"ஒளறாத."

"கண்ண மூடிக் கேளுங்க."

மூடினேன். நறுக். சர்ர்ர். இடது கால் முழுசாக அமுங்குகிறது. வலது கால் அரை நொடி தாமதமாக வருகிறது, குதிகால் தூக்காமல் அட்டையோடு இழுபட்டு வருகிறது. ஆடிப்போய்விட்டேன். அது பனியும் இல்லை. அது உப்பு. கேளம்பாக்கத்து உப்பு!

கட்டில் வாசம் முடிந்து நான் கம்பை ஊன்றி நடக்கத் தொடங்கியிருந்த நாட்கள் அவை. ஒரு நாள் காலையில் என் நண்பன் ஷேர் ஆட்டோ வைத்துக்கொண்டு வந்து என்னை உப்பளத்துக்குக் கூட்டிப்போனான். "வூட்லயே கெடந்தா பூஞ்சை புடிச்சிடும், வா" என்றான். பாத்திகளுக்கு ஓரமாக, மண் கலந்துபோனதால் ஆகாது என்று ஒதுக்கிக் கொட்டிய உப்பு, பாதை மாதிரி நீளமாகக் கிடந்தது. அங்கே வேலை செய்த ஒரு அம்மாள், "அதும்மேல ஏறிக்கோ, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார். அவன் ரெக்கார்டரைத் தரையில் வைத்துவிட்டு, என் கம்பைப் பிடுங்கிக்கொண்டு அந்தக் கோடியில் போய் நின்றான். "வா" என்றான். கெட்ட வார்த்தை அத்தனையும் சொல்லித் திட்டினேன். பிறகு போனேன். அதை அவன் பதிவு பண்ணினான் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

மீதிப் படத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. போலீஸ்காரர் அந்த இழுத்த நடையை அடையாளம் கண்டுபிடித்துக் கொலைகாரனை மடக்கினார். ஜனம் கை தட்டியது. நான் ஒரு கொலைகாரனின் காலோடு உட்கார்ந்திருந்தேன். விளக்கு போட்டதும் முதல் ஆளாக எழுந்து வெளியே வந்து, வண்டி நிறுத்துகிற இடத்தில் கொளுத்துகிற வெயிலில் நின்றுகொண்டு அவனுக்குப் போன் போட்டேன். மனைவி ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தள்ளி நின்றாள். ஒரே மணியில் எடுத்தான்.

"இன்னாடா, என் கால எடுத்து வித்துட்டியா?"

"மச்சான்! பாத்துட்டியா?" குரலில் அப்படியொரு சந்தோஷம். எனக்கு இன்னும் ஏறியது.

"ஒரு வார்த்தை கேட்டியாடா நீ?"

"ஏழு மெசேஜ் போட்டேன். போன்ல போய்ப் பாரு."

மாட்டிக்கொண்டேன். இருந்தாலும் விடுவேனா? "சரி, குடுத்ததுதான் குடுத்த, கொலகாரனுக்கா குடுப்ப? அந்தப் படத்துல ஈரோ நடக்கவே இல்லியா?"

சிரித்தான். "ஈரோ நடக்கறது யாருக்குடா ஞாபகம் கீது?" பிறகு அவன் குரல் இறங்கியது. "இருபது பேர நடக்க வுட்டோம் மச்சான். மாவுல, அரிசில, உப்புல. எல்லாம் நொண்டற மாதிரி நடிக்கறானுங்க. நீ நடிக்கல. நீ அன்னிக்குத்தான் மொதமொதல்ல கம்பு இல்லாம நடந்த. பதினெட்டு அடி எடுத்து வச்ச. போன் மாத்துனாலும் கம்ப்யூட்டர் மாத்துனாலும் அத மட்டும் காப்பி பண்ணி வச்சிக்கினேதான் இருப்பேன்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"வண்டிய நான்தான ஓட்டுனேன்" என்றான்.

பதினாலு வருஷத்தில் முதல் தடவையாக அதைச் சொன்னான். வெயிலில் கண் கூசியது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மனைவி என்ன என்று தலையாட்டிக் கேட்டாள், ஒன்றுமில்லை என்று கை காட்டினேன்.

"கடைசி வரைக்கும் உக்காந்தியா? பேர் போட்றப்போ?"

"இல்ல."

"நீ எப்போடா எதையாவது கடைசி வரைக்கும் பாத்த" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் சுருக்கென்றது.

வீட்டுக்கு வந்து மெசேஜ்களைத் திறந்தேன். ஏழு இருந்தது. அந்தப் பழைய உப்பு நடையைப் படத்தில் போட்டுக்கொள்ளலாமா என்று நாலு தடவை கேட்டிருந்தான். டைரக்டருக்கு அது பிடித்துப்போய்க் கதையையே அதற்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் மாற்றிவிட்டதாக ஒன்று. 'பேரு போட்றேன், வேணாம்னா சொல்லு' என்று ஒன்று. கடைசியாக அந்த 'பாத்தியா?'. அவன் பேட்டியையும் இந்தத் தடவை முழுசாகப் பார்த்தேன். பாதிக்கு மேல்தான் என்னைப் பற்றிச் சொல்லியிருந்தான். காதைப் பழக்கிக்கொடுத்தவன் என்று சொல்லியிருந்தான்.

இதோடு பொறாமை தீர்ந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். தீரவில்லை. இப்போது என் நடை மேலேயே பொறாமை வந்துவிட்டது. அது அவனோடு ஸ்டூடியோவுக்குப் போயிருக்கிறது. பெரிய பெரிய ஆட்களெல்லாம் அதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். நான் எங்கே போனேன்? சிறுசேரிக்கு.

திங்கட்கிழமை வேனில் வாயைத் திறக்கவில்லை. திருப்போரூர் தாண்டியதும் கடைசி சீட்டுக்காரர், "யோசிச்சிப் பாத்தா அந்த நடக்கற சத்தம்கூட ஓவராத்தான் கீது" என்றார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ!

"நடையப் பத்தி ஒனக்கு இன்னாய்யா தெரியும்? உப்புல நடந்து பாத்திருக்கியா நீ?"

"இன்னாது, உப்பா?"

"சார் கட்சி மாறிட்டாருடோய்" என்றார் டிரைவர் அண்ணாத்தை. முன்சீட்டு அக்கா என்னைத் தன் கட்சியில் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தார். அது என் கால்தான் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். பேரைக் கண்ணால் பார்க்காமல் இன்னொரு தடவை மூக்கறுபட நான் தயாராக இல்லை.

அடுத்த ஞாயிறு தனியாகப் போனேன். நம் தியேட்டர்களில் ஒரு வழக்கம் உண்டு. படம் முடிந்து பேர் ஓட ஆரம்பித்ததுமே கதவைத் திறந்து விளக்கைப் போட்டுத் திரையை அணைத்துவிடுவார்கள். அதனால் காட்சிக்கு முன்பே டிக்கெட் கிழிக்கிறவரிடம் போனேன். வயசானவர், காதில் பீடி.

"அண்ணே, கடைசில பேரு ஓடும்ல, அத மட்டும் கொஞ்சம் நிறுத்தாம வுடச் சொல்றீங்களா?"

"எதுக்கு?"

"என் பேரு வரும்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். சட்டை, இன் பண்ணின பேன்ட், ஒரு பக்கம் மட்டும் கனமான ஷூ.

"ஒம்பேரா? நீ இன்னா பண்ண அந்தப் படத்துல?"

"நடந்தேன்" என்றேன்.

என்ன புரிந்துகொண்டாரோ தெரியாது. "ஆப்ரேட்டராண்ட சொல்றேன், போய் உக்காரு" என்றார்.

படம் முடிந்தது. ஜனம் எழுந்து நடந்தது. "சூப்பர்டா" என்று ஒருத்தன், "ஆள வுடுடா சாமி" என்று இன்னொருத்தன், வழக்கம்போல. அரங்கம் காலியானது. துடைப்பத்தோடு ஒரு அம்மாள் உள்ளே வந்தார். திரையில் பேர் ஓடிக்கொண்டே இருந்தது. சமையல்காரர்கள், டிரைவர்கள், துணி தைத்தவர்கள் என்று ஒரு ஊரே போனது. பிறகு 'சத்தம்' என்ற தலைப்புக்குக் கீழே தனியாக, கொழுத்த எழுத்தில், என் நண்பன் பேர். அதற்கு ஐந்தாறு வரி கீழே, பொடி எழுத்தில், 'கொலைகாரனின் நடை'. பக்கத்தில் என் பேர். படித்து முடிப்பதற்குள் மேலே ஏறிப் போய்விட்டது.

சந்தோஷம்தான். ஆனால் முதலில் என் கண்ணில் பட்டது எழுத்தின் அளவு. என்ன செய்ய, நான் அப்படித்தான். அங்கேயே உட்கார்ந்து அவனுக்கு மெசேஜ் அடித்தேன்.

'பாத்துட்டேன். ஒம்பேரு மட்டும் ஏன்டா அவ்ளோ பெருசா கீது?'

உடனே பதில் வந்தது. காத்துக்கொண்டே இருந்திருப்பான்.

'அன்னிக்கு டீக்கடைலேர்ந்து நீயும் என்கூட வந்திருந்தா, பக்கத்துப் பக்கத்துல போட்டிருப்பாங்க மச்சான்.'

இரண்டு தடவை ஏதோ அடித்து அழித்தேன். துடைப்பத்தோடு அந்த அம்மாள் என் வரிசைக்கு வந்துவிட்டார்.

"எழுந்திரு சார், கூட்டணும். அடுத்த ஆட்டத்துக்கு ஆள் வந்துக்கினு கீறாங்க."

எழுந்தேன். வெளியே போகிற வழி வரைக்கும் மரப்படி. ஆள் இல்லாத அரங்கத்தில் ஒவ்வொரு படியாக இறங்கினேன். ஒரு கால் அழுந்தி, ஒரு கால் இழுத்து, நான் நடக்கிற சத்தம் எனக்கே கேட்டது. வாசலுக்கு வருகிற வரை ஒவ்வொரு அடியாக எண்ணிக்கொண்டே வந்தேன்.